பரணிலிருந்து கிராஸ்போ: 12 யார்டில் நின்ற மானுக்கு மேலால் அம்பு போனது எப்படி?

புதுத்தடம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது ஒன்ராறியோவில். போன குளிர்காலத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புப் படித்து, வேட்டைக் கார்டும் மான் டேக்கும் (ஒரு மான் பிடிப்பதற்கான அனுமதிச் சீட்டு) எடுத்து, இந்த அக்டோபரில்தான் முதன்முறையாக பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு நண்பரின் காணியில் போய் உட்கார்ந்தேன். கையில் இருப்பது ரீகர்வ் வகை கிராஸ்போ, அதாவது துப்பாக்கி மாதிரிக் கட்டையும் விசையும் உள்ள, முனைகள் முன்னால் வளைந்த குறுக்குவில், பெட்டியில் செக்கனுக்கு 360 அடி என்று போட்டிருக்கிறது. ஸ்கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடுகள், மேல் கோடு 20 யார்டுக்கு, அடுத்தவை 30, 40, 50. கோடை முழுக்க கிளப்பில் தரையில் நின்று பழகினேன், 20 யார்டில் ஐந்து அம்பும் ஒரு தேநீர் சோசருக்குள் அடங்கும், 30 யார்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்.

காணியில் இருப்பது ஏணியோடு சேர்ந்த இரும்புப் பரண். ஊரில் தோட்டக் காவலுக்குப் போடுவார்களே, அதே யோசனைதான், இருக்கை 20 அடி உயரத்தில், முன்னாலும் இரு பக்கமும் வளைந்து வரும் ஒரு கம்பி, அதன்மேல் பஞ்சு உறை. மூன்றாம் நாள் மாலை, வெளிச்சம் போக இருபது நிமிடம் இருக்கும்போது, சின்னக் கொம்புள்ள ஒரு ஆண் மான் இடது பக்கத்துத் தடத்தால் சத்தமில்லாமல் வந்து நின்றது. தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் 12 என்று காட்டியது. பக்கவாட்டாக, தலையைக் குனிந்து, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்கிற மாதிரி. மேல் கோட்டைத் தோளுக்குப் பின்னால் நடு உடம்பில் வைத்து விட்டேன். அம்பு முதுகுக்கு மேலால் போய் மண்ணில் குத்தி நின்றது.

வில்லை உறையில் போட்டுக் காரில் வைத்துவிட்டு டார்ச்சோடு தேடினேன். அம்பில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. அது நின்ற இடத்தில் ஏழெட்டு மயிர் கிடந்தது, சாம்பல் கலந்த பழுப்பு, நுனி கறுப்பு. அடுத்த நாளும் மதியம் வரை நூறு நூற்றைம்பது யார்ட் சுற்றிலும் குனிந்து குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, ஒரு உயிரைக் காயப்படுத்திவிட்டு விட்டுவிட்டேனோ என்று.

கிளப்பில் ஒருவர் உயரத்திலிருந்து என்றால் கீழே குறி வை என்கிறார், இன்னொருவர் கிட்டத்தில் அம்பு தாழ்ந்துதான் போகும், மேலே வை என்கிறார். எது சரி? இது தெரியாமல் நான் திரும்ப அந்தப் பரணில் ஏறப்போவதில்லை.

ஆற்றங்கரை:

தம்பி, மேலிருந்து கீழே எய்தால் அம்பு எப்போதும் மேலேதான் போகும். புவியீர்ப்பு குறைவாக இழுக்கும், அவ்வளவுதான் விஷயம். அடுத்த முறை ஒரு சாண் கீழே வை, சரியாக வரும். நானும் அப்படித்தான் பழகினேன்.

வில்பட்டறை:

ஆற்றங்கரை அண்ணை சொன்னதில் பாதி சரி, ஆனால் அந்த ஒரு சாண் ஆபத்து. ஒரு சாண் கீழே வைத்தால் அடுத்த மான் வயிற்றடியில் அல்லது முன்காலில் அடிபட்டுப் போகும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், நான் விற்கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தவன், இதே கேள்வியோடு ஒவ்வொரு இலையுதிர் காலமும் பத்துப் பேர் வருவார்கள்.

புவியீர்ப்பு அம்பை இழுப்பது கிடைத் தூரத்தின் கணக்கில்தான், சாய்வுத் தூரத்தின் கணக்கில் அல்ல. அது உண்மை. ஆனால் 20 அடிப் பரணுக்கு இது எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 20 அடி என்றால் ஏழு யார்ட் கூட இல்லை. சாய்வாக 30 யார்ட் தூரத்தில் நிற்கிற மானுக்குக் கிடைத் தூரம் 29 சொச்சம். 20 யார்டில் நிற்கிற மானுக்கு ஏறக்குறைய 19. ஒரு யார்ட் வித்தியாசம்! செக்கனுக்கு 360 அடி போகிற அம்பில் அதை நீங்கள் கண்ணால் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள். காலுக்கு நேர் கீழே வர வரத்தான் கோணம் கூடும், ஆனால் அங்கே தூரமே குறைவு, அம்பு விழுவதற்கு நேரமே இல்லை.

மற்றவர் சொன்ன "கிட்டத்தில் தாழும்" என்பதும் பொய்யில்லை. ஸ்கோப் அம்புக்கு மேலே இரண்டரை அங்குலம் அளவில் உட்கார்ந்திருக்கிறது. அம்பு கீழிருந்து புறப்பட்டுப் பார்வைக் கோட்டை நோக்கி ஏறிவர வேண்டும். 5 யார்டில் அது இன்னும் ஒரு அங்குலம் அளவில் தாழ்ந்தேதான் இருக்கும். 10, 12 யார்டில் கோட்டைத் தொட்டுவிடும். உங்கள் வேகம், 20 யார்ட் கோடு, 12 யார்ட் தூரம், 30 பாகைச் சரிவு, எல்லாம் போட்டுப் பார்த்தேன்: குறி வைத்த இடத்திலிருந்து மேலே அரை அங்குலம். அவ்வளவுதான். பதற்றத்தில் கோடு மாறி 40 யார்ட் கோட்டை வைத்திருந்தாலும் மூன்று அங்குலம்தான் மேலே போயிருக்கும். நடு உடம்பில் வைத்த அம்பு முதுகு மயிரைச் சீவிக்கொண்டு போவதற்கு அது காணாது.

அதனால் குற்றம் கோணத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. மூன்று விஷயம் கேட்கிறேன், வடிவாக யோசித்துப் பதில் போடுங்கள். எய்யும்போது வில்லை எங்கே சாய்த்திருந்தீர்கள்? கன்னம் கட்டையில் ஒட்டியிருந்ததா, அல்லது கீழே பார்ப்பதற்காகத் தலையை எடுத்துவிட்டீர்களா? எய்த நேரம் நாணின் சத்தத்தோடு வேறு ஏதாவது சத்தம் கேட்டதா?

இன்னொன்று, கோடை முழுக்கப் பழகியது சாதாரண முனையோடா, வேட்டைக்குப் போடுகிற அலகு முனையோடா? இரண்டும் ஒரே எடை என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒரே இடத்தில் விழும் என்று நம்பக்கூடாது. அலகு காற்றைப் பிடிக்கும். வேட்டைக்கு எடுத்துப்போகிற அதே முனையைப் போட்டு 30 யார்டில் எய்து பார்த்த பிறகுதான் ஸ்கோப்பைப் பூட்ட வேண்டும்.

புதுத்தடம்:

அண்ணை, மிகவும் நன்றி. அலகு முனையோடு இரண்டே இரண்டு அம்புதான் எய்து பார்த்தேன், 20 யார்டில், அது சரியாகத்தான் விழுந்தது. கன்னம் ஒட்டியிருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இடது பக்கம் உடம்பை முறுக்கி, எழும்பாமல், அந்தக் கம்பிக்கு மேலால் வில்லைக் கீழே குனித்துத்தான் விட்டேன். வில்லின் கட்டை கம்பியில் முட்டிக்கொண்டிருந்தது. சத்தம் என்று நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது, "டங்" என்று ஒன்று கேட்டது, நான் அதை வில்லின் சத்தம் என்றே நினைத்தேன்.

வில்பட்டறை:

அந்த "டங்" தான். நாளைக்கு வெளிச்சத்தில் போய்க் கம்பியின் பஞ்சு உறையைப் பாருங்கள், வில்லின் வலது லிம்ப் (நாண் கட்டியிருக்கிற, வளைகிற கை) முனையையும் பாருங்கள்.

ரீகர்வ் கிராஸ்போ நல்ல வில், நம் கிச்சனரில் எக்ஸ்காலிபர்காரர் பல வருடமாகச் செய்வது அந்த வகைதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை, நாணையும் காணியிலேயே வைத்து மாற்றலாம். ஆனால் அகலம். நாணை இழுத்துப் பூட்டும்போது லிம்ப் முனைகள் பின்னாலும் உள்ளேயும் வந்துவிடும், அப்போது பார்த்தால் கம்பிக்கும் முனைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிற மாதிரித் தெரியும். விசையை அழுத்தியதும் முனைகள் முன்னாலும் வெளியேயும் பாயும். பூட்டிய வில்லைப் பார்த்து "இடம் இருக்கிறது" என்று முடிவெடுப்பதுதான் எல்லாரும் விடுகிற பிழை. அதிலும் வில் கீழே குனிந்திருக்கும்போது "முன்னால்" என்பது கம்பியை நோக்கித்தான். முனை கம்பியில் இடித்தால் வில்லின் முன்பக்கம் மேலே எகிறும், அம்பு ரெயிலை, அதாவது அது வழுக்கிப் போகிற தடத்தை, விட்டுப் போவதற்கு முன்பே. அம்பு மேலே போகும்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: லிம்ப் முனையில் அடையாளம் இருந்தால் அந்த வில்லை இனி ஒரு தரம்கூட இழுக்காதீர்கள். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து லிம்ப்பின் இரு பக்கமும் மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள், எங்கேயாவது நார் பிடித்தால் அங்கே வெடிப்பு. வெடித்த லிம்ப் இழுத்த நிலையில் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். வெடிப்பு இல்லாவிட்டாலும் கடையில் ஒரு தரம் காட்டிவிட்டு எய்யுங்கள்.

மேப்பிள்நிழல்:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் பன்னிரண்டு வருடமாகப் பரணில் உட்காருகிறவள். வில்லைப் பற்றி அண்ணை சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஆனால் தம்பி குறி வைத்த இடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

தரையில் பழகினவர்களுக்கு மான் ஒரு சுவர்ப்படம் மாதிரி: பக்கவாட்டாக நிற்கிறது, தோளுக்குப் பின்னால் நடுவில் வை, முடிந்தது. மேலிருந்து பார்க்கும்போது உனக்குத் தெரிவது பாதி முதுகு, பாதி விலா. நீ "நடு உடம்பு" என்று நினைப்பது உண்மையில் முதுகெலும்புக்குக் கொஞ்சம் கீழே. அங்கே உள்ளே போகிற அம்பு சாய்வாக இறங்கிப் போகும், அதனால் எங்கே உள்ளே போகிறது என்பதை மறந்துவிட்டு எங்கே வெளியே வரும் என்று பார். எதிர்ப்பக்க முன்காலுக்கு ஒட்டிப் பின்னால், நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒரு ஓட்டை விழ வேண்டும் என்று மனதில் வைத்து, அந்த ஓட்டையை நோக்கி மானை ஊடுருவி எய். அப்போது உள்ளே போகிற இடம் தானாகவே சரியாக வரும், இரண்டு நுரையீரலும் அகப்படும்.

12 யார்டில் 20 அடிப் பரணிலிருந்து அது கஷ்டமான கோணம், தம்பி. கிட்ட வந்தது, அதனால் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறோம், எனக்கும் முதல் இரண்டு வருடம் அந்த நினைப்புத்தான். செங்குத்தாக வர வர அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகிற வாய்ப்புக் கூடும், ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும், தேடிப்பிடிப்பது பெரும்பாடு. இப்போதெல்லாம் பதினைந்து யார்டுக்குள் பரணுக்குக் கீழே வந்துவிட்டால் நான் வில்லை எடுப்பதேயில்லை. அது மேய்ந்துகொண்டே இருபது யார்டுக்குப் போகட்டும், கொஞ்சம் அப்பால் திரும்பி நிற்கட்டும், அப்போது பார்ப்போம். போகாமல் திரும்பி வந்த வழியே போய்விட்டாலும் போகட்டும்.

நீ சொன்ன மயிர் எனக்கு நிம்மதி தந்தது. சாம்பல்பழுப்பு, கறுப்பு நுனி என்றால் அது முதுகுப் பக்கம். வயிற்று மயிர் வெள்ளையாக இருக்கும். அம்பு துடைத்த மாதிரிச் சுத்தம், மண்ணில் இரத்தமில்லை, பச்சைத் தண்ணீரோ நாற்றமோ இல்லை. மயிரைச் சீவிவிட்டுத்தான் போயிருக்கிறது. நீ அடுத்த நாளும் தேடினாயே, அதுதான் சரி.

அப்புறம் ஒரு கேள்வி. இடது பக்கம் முறுக்கிக் கம்பிக்கு மேலால் குனிந்தேன் என்று எழுதியிருக்கிறாய். விழாமல் மரத்தோடு கட்டுகிற உடம்புப் பட்டி, ஹார்னஸ், போட்டிருந்தாயா?

புதுத்தடம்:

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். ஹார்னஸ் பரணோடு பெட்டியில் வந்தது. முதல் நாள் போட்டேன். மூன்றாம் நாள் போடவில்லை.

மேப்பிள்நிழல்:

அப்படியானால் அந்த மான் தப்பியதைவிட நீ தப்பியதுதான் பெரிய விஷயம். திட்டவில்லை, கேள். என் மச்சான் ஒருவர் 15 அடியிலிருந்து விழுந்தார். வேட்டை முடிந்து இறங்கும்போது, ஏணியின் மேல் படிக்குக் காலை மாற்றுகிற அந்த ஒரு நொடியில். இரண்டு குதிகாலும் நொறுங்கிப் போனது, எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. போன் சட்டைப் பையில் இருந்ததால் உயிரோடு இருக்கிறார், முதுகுப் பையில் இருந்திருந்தால் எட்டிக்கூட எடுத்திருக்க மாட்டார்.

உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களும் உண்டுதான், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் எனக்குப் பயம். அதனால் இருக்கையில் போய்க் கொளுவுகிற பட்டி மட்டும் போதாது. மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கயிறு கட்டி அதில் ஒரு முடிச்சு, நீ ஏற ஏற அந்த முடிச்சைத் தள்ளிக்கொண்டு போவாய், தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து திரும்ப மிதிக்கும்வரை நீ மரத்தோடு கட்டியிருப்பாய். பட்டியைத் தலைக்கு மேலே கட்டு, உட்கார்ந்தால் கொஞ்சமும் தொய்வில்லாத மாதிரி. விழுந்து தொங்கினால் தொடைப் பட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், அதற்காகக் காலை வைத்து எழும்புகிற ஒரு வளையப்பட்டியும் ஹார்னஸோடு வரும், அதைக் கழற்றி எறியாதே.

வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறவும் கூடாது. தரையிலேயே நாணை இழுத்துப் பூட்டு, அம்பு போடாதே, ஏறி உட்கார்ந்து உன்னைக் கட்டிய பிறகு கயிற்றால் வில்லை இழுத்தெடு, அதன் பிறகுதான் அம்பு. இறங்கும்போது இதே வேலையைப் பின்னுக்கிருந்து. ஹார்னஸ் போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: பயமில்லாமல் பட்டியில் சாய்ந்து எழுந்து நிற்கலாம். நின்றால் வில் கம்பிக்கு மேலே நன்றாகத் தூக்கி வரும், இடுப்பிலிருந்து குனிந்து எய்யலாம், கையை மட்டும் கீழே இறக்க வேண்டியதில்லை. உன்னுடைய "டங்" இரண்டாம் முறை கேட்காது.

வடகாடு:

நல்ல இழை. மூன்று விஷயம் சேர்க்கிறேன், வேலைக்குப் போக வேண்டும், சுருக்கமாக.

வில்பட்டறை அண்ணை சொன்ன கணக்கு சமதரைக்கு. நான் உட்காருவது ஹாலிபேர்ட்டன் பக்கம், பாறை மேட்டின் விளிம்பில். பரண் 18 அடிதான், ஆனால் தரை முன்னால் சரிந்து போகிறது, சில இடத்தில் மான் எனக்கு 45 அடி கீழே நிற்கும். அங்கே சாய்வாக 30 யார்ட் என்றால் கிடையாக 26. 30 யார்ட் கோட்டை வைத்தால் ஒன்றரை அங்குலம் மேலே போகும். மலைச் சரிவில் உட்காருபவர்கள் கோணம் பார்க்கிற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினால் காசு வீணில்லை, மற்றவர்களுக்கு அவசியமில்லை. சாதாரணக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வழி: தரையை அளக்காதீர்கள், மானின் தடத்துக்கு அருகில் நிற்கிற மரத்தின் தண்டை உங்கள் கண் மட்டத்தில் அளங்கள். கிடைத் தூரம் நேரடியாகவே வந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் நாலைந்து மரத்தை இப்படி அளந்து மனப்பாடம் செய்துவிட்டால் மான் வரும்போது கையை அசைக்க வேண்டியதில்லை.

வில்லைப் பக்கவாட்டில் சாய்க்காதீர்கள். உடம்பை முறுக்கினால் வில்லும் சாயும், எங்களுக்கு அது தெரியாது. 10 பாகை சாய்ந்தால் 30 யார்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் பக்கத்தால் போகும். ஸ்கோப்பில் ஒட்டுகிற சின்னக் குமிழ்மட்டம் ஒன்று வாங்கி வையுங்கள், பழகும்போதாவது பாருங்கள்.

பழகுவது பரணிலிருந்துதான் பழக வேண்டும். இலக்குப் பெட்டியைத் தரையில் சும்மா வைத்து மேலிருந்து எய்தால் அம்பு மேல் விளிம்பில் சாய்வாகப் போய்ப் பின்னால் வெளியே வரும். பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு விறகுக் கட்டையைச் செருகிப் பின்னால் சாய்த்து, முகம் உங்களைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். நவம்பரில் போடப்போகிற தடித்த ஜாக்கெட்டோடு எய்யுங்கள். டி-சேர்ட்டோடு பழகிவிட்டு ஜாக்கெட்டோடு போனால் கட்டை தோளில் உட்காரும் விதமே மாறிப்போகும், கைப்பகுதி நாணில் மாட்டவும் பார்க்கும். இடது கைப் பெருவிரல் எப்போதும் ரெயிலுக்குக் கீழே. பெருவிரல் பறிபோனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆற்றங்கரை:

வில்பட்டறை தம்பி, கணக்கைப் பார்த்தேன். எனது பரண் 25 அடி, நான் இவ்வளவு காலமும் கீழே வைத்துத்தான் எய்திருக்கிறேன், சிலது சரியாக விழுந்தது, சிலது விழவில்லை. விழாததற்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரக் கடைசியில் இலக்குப் பெட்டியோடு போய்ப் பார்க்கிறேன்.

புதுத்தடம்:

எல்லாருக்கும், மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கம்பியின் வலது மூலையில் பஞ்சு உறை ஒரு விரல் நீளத்துக்குக் கத்தியால் கீறிய மாதிரிப் பிளந்திருந்தது, உள்ளே இரும்பில் பெயின்ட் போயிருந்தது. லிம்ப் முனையில் அதே பச்சைப் பெயின்ட் நெல்மணி அளவில் ஒட்டியிருந்தது. பஞ்சால் தடவினேன், நார் பிடிக்கவில்லை. கடைக்காரர் லிம்ப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெடிப்பில்லை என்றார், ஆனால் நாணின் கண் தேய்ந்திருந்ததால் நாணை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன்.

அந்தக் கம்பியை முழுதாகக் கழற்றிவிட்டேன். அடியிலிருந்து உச்சிவரை கயிறு கட்டியாகிவிட்டது. இரண்டு சனிக்கிழமை முழுக்க, குளிர் ஜாக்கெட்டோடு, ஹார்னஸில் சாய்ந்து நின்று, அலகு முனையோடு எய்தேன். 12, 18, 25 யார்டில் பெட்டி வைத்தேன். 18 யார்டிலும் 25 யார்டிலும் தரையில் எய்ததற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 12 யார்டில் அரை அங்குலம் மேலே, வில்பட்டறை அண்ணை சொன்ன அதே அளவு. நாலாவது அம்பில் வேண்டுமென்றே தலையைத் தூக்கிப் பார்த்தேன், ஐந்து அங்குலம் தள்ளிப் போனது.

போன வெள்ளி நண்பரின் கமராவில் அந்த மான் வந்திருக்கிறது. அதே கொம்பு, தோளுக்குப் பின்னால் முதுகில் தீப்பெட்டி அகலத்துக்கு மயிரில்லாத ஒரு கோடு, தோல் வெடிக்கவில்லை. இன்னொரு மானோடு நின்று ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை ஏறினேன். இரண்டு வந்தன, இரண்டும் பரணுக்கு நேர் கீழே, பத்து யார்டுக்குள். அக்கா, வில்லை எடுக்கவில்லை.